நல்ல இட்லி எங்கே கிடைக்கும்?

மும்பையில் பிழைப்பு நடத்தும் தமிழர் இருவர் முதன்முதலாகச் சந்தித்துக் கொண்டால் மூன்று கேள்விகள் பிறக்கும். "சாருக்கு எந்த ஊர்?" என்பது முதல் கேள்வி. "எங்கே வேலை?" என்பது இரண்டாவது. "இந்தப் பக்கம் நல்ல இட்லி எங்கே கிடைக்கும்?" என்பது மூன்றாவது. முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சொல்லில் விடை வந்துவிடும். மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தவர்கள் ஏற வேண்டிய ரயிலைத் தவறவிட்டதும் உண்டு.

வேடிக்கையாகத் தோன்றினாலும் கேள்வி சாதாரணமானதல்ல. ஊரை விட்டு வந்தவனுக்கு மொழி கூடப் பழகிவிடுகிறது. ஆறு மாதத்தில் இந்தி பேசுகிறான். இரண்டு வருடத்தில் மராத்தியில் பேரம் பேசுகிறான். சப்பாத்தியும் பழகிவிடுகிறது. ஆனால் காலை ஏழு மணிக்கு வயிறு மட்டும் ஊர் மொழியில்தான் பேசுகிறது. அந்த வயிற்றுக்கு யார் பதில் சொல்கிறார்கள், எங்கிருந்து சொல்கிறார்கள் என்பதைத் தமிழர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய காலம் இது.

மாதுங்காவின் பெருமை

நல்ல இட்லி எங்கே என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் மாதுங்காவைக் காட்டுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தென்னிந்தியர்கள் குடியேறி, கோவிலும் பள்ளிக்கூடமும் பூக்கடையும் வைத்து, தெருவையே ஊராக்கிக் கொண்ட பகுதி அது. 1930களிலும் 1940களிலும் அங்கே தொடங்கிய சிற்றுண்டிச் சாலைகள் சில இன்றும் நடக்கின்றன. கஃபே மெட்ராஸ் 1940-ல் தொடங்கியது. ரயில் நிலையத்துக்கு அருகே ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-ல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஓட்டல்களின் வாசலில் நிற்கும் கூட்டத்தில் தமிழர்களை விட மராத்தியர்களும் குஜராத்தியர்களும்தான் அதிகம்.

இந்த ஓட்டல்களில் பெரும்பாலானவை உடுப்பி, மங்களூர்ப் பக்கத்தவர்கள் நடத்துவன. "உடுப்பிக்காரர் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்" என்று குறைப்படும் தமிழர் உண்டு. ஆனால் இட்லி தமிழனுக்கு மட்டும் சொந்தம் என்று மார்தட்டுவதற்கு இடமில்லை. 920-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகே' என்ற பெயர் வருகிறது. அந்தக் காலத்து இட்லியில் உளுந்து மட்டுமே இருந்ததாகத் தெரிகிறது. அரிசி சேர்ந்தது, புளிக்க வைத்தது, ஆவியில் வெந்தது எல்லாம் பல கைகள் பல காலம் கூடிச் செய்த வேலை. ஆகவே வெல்லச் சாம்பாரை வெறுக்கலாம். உடுப்பிக்காரரின் உழைப்பை வெறுக்கக் கூடாது.

மாதுங்காவின் இட்லி நல்ல இட்லிதான். ஆனால் ஒரு கேள்வி. அம்பர்நாத்திலிருந்து புறப்பட்டு எட்டேகால் மணிக்கு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய குமாஸ்தா மாதுங்காவில் இறங்கி வரிசையில் நின்று இட்லி தின்ன முடியுமா? கட்டட வேலைக்குப் போகும் தொழிலாளி மேஜை துடைத்து, தட்டு வைத்துக் கொடுக்கும் விலைக்குத் தினமும் தின்ன முடியுமா? மாதுங்கா ஞாயிற்றுக்கிழமை ஊர். மற்ற ஆறு நாட்களுக்கும் வேறு ஒருவர் பதில் சொல்லி வருகிறார். அவருக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு சைக்கிளும், அலுமினியப் பாத்திரமும், ரப்பர் பந்து வைத்த ஒரு ஊதலும்தான்.

நல்ல இட்லிக்கு இலக்கணம்

அவரிடம் போகும் முன், நல்ல இட்லி எது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வெள்ளையாக இருப்பதெல்லாம் இட்லி அல்ல. சோடா உப்பைப் போட்டுப் பொங்க வைத்தாலும் இட்லி பெரிதாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் பஞ்சு போலக் கரையும். ஒரு மணி நேரத்தில் வயிற்றைக் கல்லாக்கும்.

நல்ல இட்லியின் இரகசியம் உளுந்தில் இருக்கிறது. உளுந்தைச் சூடேறாமல், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பந்து போல் எழும்பும்படி அரைக்க வேண்டும். அரைத்த உளுந்து மாவில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் அது மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபடவில்லை என்று பொருள். புழுங்கலரிசியைச் சற்றே ரவைப் பதமாக விட வேண்டும். இரண்டையும் கையால் கலந்து உப்புப் போட்டு வைத்தால் மீதி வேலையைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பார்த்துக் கொள்ளும். அவை விடும் காற்றுதான் மாவைப் பொங்க வைக்கிறது. அவை உண்டாக்கும் அமிலம்தான் அந்த இலேசான புளிப்பு.

இங்கேதான் அனுபவம் பேசுகிறது. மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில் மாவு சீக்கிரமே பொங்கி வழியும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அதே மாவு விடியும் வரை அசையாது. மழைக்காலத்தில் இன்னொரு கணக்கு. எந்த மாதம் எத்தனை மணிக்கு அரைப்பது, எவ்வளவு உப்பு, கதவைச் சாத்துவதா திறப்பதா என்பதற்கெல்லாம் புத்தகம் கிடையாது. கை சொல்லும், மூக்கு சொல்லும்.

வாங்குகிறவர் செய்ய வேண்டிய சோதனை எளிது. முதல் விள்ளலைச் சட்டினி தொடாமல் வெறுமனே தின்ன வேண்டும். அந்த விள்ளல் இனித்தால் அது நல்ல இட்லி. சட்டினியை நம்பி இட்லி இருக்கக் கூடாது. விண்டால் உள்ளே சின்னச் சின்னக் கண்கள் தெரிய வேண்டும். விரலில் பிசுபிசுக்கக் கூடாது. ஆறிய பிறகும் மெத்தென்று இருக்க வேண்டும். ஆறியதும் ரப்பராகும் இட்லியில் உளுந்து குறைவு. மஞ்சள் பூத்துப் புளித்த வாடை வீசும் இட்லி நேற்றைய மாவு. இந்தச் சோதனையில் மும்பையின் சைக்கிள் இட்லி எத்தனையோ ஓட்டல் இட்லிகளைத் தோற்கடித்துவிடும் என்பது வாங்கித் தின்றவர்களுக்குத் தெரியும். காரணமும் தெளிவானது. அவரிடம் குளிர்ப்பெட்டி கிடையாது. நேற்றைய மாவை இன்று வைத்திருக்க அவரால் முடியாது. அன்றன்று அரைத்தது அன்றன்று தீர்ந்தாக வேண்டும். வறுமை அவருக்கு விதித்த கட்டாயமே அவர் இட்லியின் தரமாகிவிட்டது.

விடியுமுன் எழும் தாராவி

இந்த இட்லிகளில் பெரும்பகுதி பிறக்கும் இடம் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழர்கள் வந்து சேர்ந்த இடம் அது. தோல் பதனிட வந்தவர்கள், மூட்டை தூக்க வந்தவர்கள், மில் வேலைக்கு வந்தவர்கள் என்று ஒவ்வொரு தலைமுறையும் அங்கே ஒதுங்கியது. தைப் பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பானைகள் பொங்குவதைப் பார்த்தால் அது மராட்டிய மண்ணா, மணிமுத்தாற்றங்கரையா என்ற ஐயம் வரும்.

அங்கே நகரம் தூங்கும்போது வேலை நடக்கிறது. பகலில் அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன. மாலையில் கிரைண்டர்கள் ஓடுகின்றன. நள்ளிரவு தாண்டியதும் அடுப்பு பற்றுகிறது. பத்தடிக்குப் பத்தடி அறைக்குள், ஆவி முகத்தில் அடிக்க, தட்டு தட்டாக இட்லி இறங்குகிறது. ஒருவர் தேங்காய் துருவுகிறார். ஒருவர் வடை தட்டுகிறார். ஒருவர் சாம்பாரைத் தூக்குக்கு மாற்றுகிறார். பெரும்பாலும் இந்த வேலையில் பாதி பெண்களுடையது. விடியும் முன் சைக்கிள்கள் கிளம்பிவிடுகின்றன. சிலர் பாத்திரத்தைத் தலையில் சுமந்தே நடக்கிறார்கள்.

ஏன் தாராவி? இதற்கும் காரணம் உண்டு. தாராவிக்கு ஒரு பக்கம் மத்திய ரயில்வேயின் சயான். மறு பக்கம் மேற்கு ரயில்வேயின் மாஹிம். இரண்டு பாதைகளுக்கும் நடுவே இருப்பதால் இட்லிப் பாத்திரம் சூடு ஆறுமுன் நகரத்தின் எந்தப் பக்கமும் போய்ச் சேர முடிகிறது. கட்டட வேலைத் தளம், கல்லூரி வாசல், ஆஸ்பத்திரிச் சுவர் ஓரம், அடுக்குமாடி வீடுகளின் கீழ்வாசல் என்று ஊதல் ஒலிக்காத இடம் இல்லை.

"அண்ணா, தோ பிளேட் தேனா!" என்று குஜராத்திச் சிறுவன் மாடியிலிருந்து கத்துகிறான். அண்ணன் என்ற தமிழ்ச் சொல் இந்த நகரத்தில் இட்லிக்காரரின் பதவிப் பெயராகிவிட்டது. 1966-ல் சிவசேனை தொடங்கிய பிறகு தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த அலையில் தென்னிந்திய ஓட்டல்கள் தாக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. லுங்கியை விரட்டு என்ற கோஷம் கேட்ட அதே தெருக்களில் இன்று காலை ஊதலுக்காகக் காத்திருக்கிறார்கள். எந்தத் தலைவரும் மேடை போட்டுச் செய்யாத சமாதானம் இது. பாத்திரம் சுமந்தவர்கள் செய்தது.

நியூயார்க் சொல்லும் பாடம்

இப்படி ஏழைக் குடியேறிகள் தலையில் சுமந்து ஒரு நகரத்தையே பழக்கிய பண்டம் உலகில் இட்லி மட்டுமல்ல. நியூயார்க் நகரத்தில் பேகல் என்று ஒரு ரொட்டி உண்டு. பார்வைக்கு உளுந்து வடை போல நடுவில் ஓட்டை இருக்கும். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, வளையமாக உருட்டி, முதலில் கொதிநீரில் போட்டு எடுத்து, பிறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பல்லுக்கு வேலை வைக்கும் கெட்டித்தனம். போலந்து நாட்டின் கிராகோவ் நகர யூத சமூகத்தின் 1610-ஆம் ஆண்டு விதிகளிலேயே அதன் பெயர் வருகிறது. பிழைப்புத் தேடி அமெரிக்கா போன யூதத் தொழிலாளர்கள் அதை நியூயார்க்குக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே பேகல் சுட்டவர்கள் நிலவறைகளில், கொதிக்கும் அடுப்புகளின் முன் இரவெல்லாம் உழைத்தார்கள். பின்னாளில் லோக்கல் 338 என்ற தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். உறுப்பினர் சுமார் 300 பேர்தான். ஆனால் அவர்கள் கை வைக்காமல் நகரத்தில் பேகல் கிடையாது. 1951 டிசம்பரில் அவர்களுடைய தகராறில் பேகல் கடைகள் மூடியபோது நியூயார்க் பத்திரிகைகள் அதைப் பஞ்சம் என்றே வருணித்தன. நல்ல கூலியும், முறையான வேலை நேரமும் அவர்கள் போராடிப் பெற்றவை.

பிறகு இயந்திரம் வந்தது. டேனியல் தாம்சன் என்பவர் உருவாக்கிய பேகல் இயந்திரத்தை லெண்டர்ஸ் என்ற கம்பெனி 1963-ல் வாடகைக்கு எடுத்து ஓட்டியது. கெட்டி மாவு இயந்திரத்துக்கு ஒத்துவராது என்பதால் மாவு இளகியது. கொதிநீரில் போடுவதற்குப் பதிலாக நீராவி காட்டுவது பல இடங்களில் வழக்கமாயிற்று. உறைய வைத்த பேகல் அமெரிக்கா முழுவதும் பெட்டி பெட்டியாகப் போயிற்று. 1970களின் தொடக்கத்தில் லோக்கல் 338 தனிச் சங்கமாக இல்லாமல் போயிற்று. 1984-ல் லெண்டர்ஸ் கம்பெனியை கிராஃப்ட் என்ற பெரிய உணவு நிறுவனம் வாங்கியது.

விளைவு என்ன? பேகல் அழியவில்லை. எங்கு பார்த்தாலும் கிடைத்தது. ஆனால் நல்ல பேகல் எங்கே கிடைக்கும் என்று ஜனங்கள் தேடத் தொடங்கினார்கள். பெயர் பெருகியது, பண்டம் தேய்ந்தது. கனடாவின் மாண்ட்ரீல் நகரத்தில் மட்டும் இரண்டொரு பழைய கடைகள் இன்றும் கையால் உருட்டி, தேன் கலந்த நீரில் கொதிக்க வைத்து, விறகு அடுப்பில் சுடுகின்றன. அதைத் தின்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் போகிறார்கள்.

அந்தச் சங்கத்தின் மேலும் ஒரு குறை உண்டு. மகனுக்கும் மருமகனுக்கும் மட்டுமே தொழிலைச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியாளுக்குக் கதவைச் சாத்தினார்கள். தொழிலைக் காப்பதாக நினைத்து அதற்கு வாரிசு இல்லாமல் செய்துவிட்டார்கள். பிற்காலத்தில் நியூயார்க்கில் பேகலுக்குப் பேர் போன கடை ஒன்றை நடத்தியவர் தாய்லாந்திலிருந்து குடியேறியவர். கை வேலைக்கு ஜாதியும் தேசமும் கிடையாது. கற்றுக் கொடுக்க ஆள் இருந்தால் போதும்.

இயந்திரம் எதிரியா?

இதைப் படித்துவிட்டு இயந்திரத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து தோள்பட்டை தேய்ந்த தாய்மார்களைக் கேட்டால் இயந்திரத்தின் அருமை தெரியும். 1950களில் கோவையில் உருவான வெட் கிரைண்டர் இல்லாவிட்டால் தாராவியில் ஓர் அறைக்குள் ஆயிரம் இட்லி அவிப்பது நடக்காத காரியம். அந்த இயந்திரம் கல்லை விடவில்லை. சுற்றும் கையை மட்டுமே மாற்றியது. அதனால் உளுந்தும் கெடவில்லை, பெண்ணின் தோளும் பிழைத்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இயந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல. வருகிற மாற்றம் செய்கிறவனின் சுமையைக் குறைக்கிறதா, செய்கிறவனையே கழித்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி. தாராவிக்கு இப்போது வந்திருக்கும் மாற்றத்தையும் இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

மாடி வீட்டில் மாவு பொங்குமா?

தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் 2004 முதல் பேசப்பட்டு வருகிறது. பலமுறை டெண்டர் விடப்பட்டு, பலமுறை ரத்தானது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்பில் அதைப் பெற்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. மாநில அரசும் பங்குதாரராக உள்ள கம்பெனி ஒன்று வேலையை நடத்துகிறது.

குடிசை போய் நல்ல வீடு வருவதை யாரும் எதிர்க்க முடியாது. திறந்த சாக்கடை ஓரத்தில், பொதுக் கழிப்பிடத்தில் வரிசை நின்று வாழ்ந்தவர்களுக்குச் சொந்தக் கழிப்பறை என்பது ஆடம்பரமல்ல, மானம். வெளியே வசதியாக உட்கார்ந்துகொண்டு "தாராவி அப்படியே இருக்கட்டும், இட்லி நன்றாக இருக்கிறது" என்று சொல்வது கொடுமை.

ஆனால் விதிகளைப் பார்க்க வேண்டும். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்ச ரூபாய் விலையில். அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும் மேல்மாடி அறைகளில் குடியிருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு; பிறகு தவணையில் வாங்கிக்கொள்ள வாய்ப்பு. வெளியே என்பதற்கு முலுண்ட், தேவ்னார் போன்ற இடங்களின் பெயர் அடிபடுகிறது.

இட்லித் தொழிலில் யார் யார் எங்கே இருக்கிறார்கள்? தரைத்தளத்தில் அடுப்பு; ஏணி ஏறிப் போகும் மேல் அறையில் ஆட்கள். ஊரிலிருந்து வந்த இளைஞன் அந்த மேல் அறையில் நாலு பேரோடு படுத்து, விடியுமுன் இறங்கிப் பாத்திரத்தைத் தூக்குகிறான். அவன் பெயரில் வாடகைச் சீட்டு இல்லை. மின்சார ரசீது இல்லை. கணக்கெடுப்புக்காரர் பகலில் கதவைத் தட்டும்போது அவன் அந்தேரியில் சைக்கிள் மிதித்துக் கொண்டிருப்பான்.

வீடு கிடைத்தவர் நிலை? பதினைந்தாம் மாடியில் 350 சதுர அடியில் ஐம்பது கிலோ அரிசி ஊற வைப்பது எப்படி? கழுநீர் எங்கே போகும்? நள்ளிரவில் கிரைண்டர் ஓடினால் பக்கத்து வீட்டார் பொறுப்பார்களா? கொதிக்கும் சாம்பாரோடு லிஃப்ட்டுக்குக் காத்திருக்க முடியுமா? சைக்கிளை எங்கே நிறுத்துவது? தொழிற்கூடங்களுக்கும் கடைகளுக்கும் தனி இடம் தரப்படும் என்கிறது திட்டம். ஆனால் வீடே தொழிற்கூடமாக இருப்பவனை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? வீடு என்று எழுதினால் தொழில் போகும். தொழில் என்று எழுதினால் வீடு போகும்.

முலுண்டுக்குப் போனால் என்ன, அங்கும் இட்லி விற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே இருந்ததுதான் இந்தத் தொழிலின் மூலதனம். அதற்கு எந்த அதிகாரியும் விலை போடவில்லை. முப்பது வருடமாக ஒரே தெருவில் ஊதல் ஊதிச் சேர்த்த வாடிக்கையை மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. தாராவிக்குள்ளேயே தரைத்தளத்தில் தண்ணீர், வடிகால், எரிவாயு, சைக்கிள் நிறுத்த இடம் ஆகிய வசதிகளோடு பொதுச் சமையல் கூடங்கள் வேண்டும். வீட்டில் தொழில் செய்பவர்களை வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்தே கணக்கெடுக்க வேண்டும். மேல் அறைத் தொழிலாளிகளைத் தூரத்துக்கு அனுப்பாமல் அருகிலேயே வாடகை விடுதிகள் அமைக்க வேண்டும். இவை சலுகை அல்ல. ஒரு நகரம் தன் காலைச் சோற்றுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

சுத்தம் என்ற புகார்

தெரு இட்லி சுத்தமானதா என்ற கேள்வியும் உண்டு. அதைத் தள்ளிவிடக் கூடாது. 2019-ல் போரிவலி ரயில் நிலையத்தில் இட்லிக்காரர் ஒருவர் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் பிடிப்பதாக ஒரு வீடியோ பரவியது. ஒருவர் செய்த தவறு ஊதல் வைத்திருந்த அத்தனை பேர் தலையிலும் விழுந்தது. அந்தத் தவறுக்கு மன்னிப்பு கிடையாது. தின்பவரின் நம்பிக்கையைக் கெடுப்பவர் தன் இனத்தாரின் பிழைப்பையும் சேர்த்தே கெடுக்கிறார்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும் என்று இட்லிக்காரரிடம் கேட்பவர்கள், நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று மாநகராட்சியிடம் கேட்டார்களா? 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும் வரை எந்தத் தெரு வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது. சட்டம் இப்படிச் சொன்னாலும் வண்டி வந்து பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவது நடக்கத்தான் செய்கிறது. ஓட ஓட விரட்டப்படுகிறவன் நின்று கை கழுவுவது எப்படி? நிற்க ஓர் இடமும், பக்கத்தில் ஒரு குழாயும் கொடுத்துவிட்டுப் பிறகு சோதனை போடட்டும். அப்போதும் அழுக்காக இருந்தால் தாராளமாகத் தண்டிக்கட்டும்.

குமாஸ்தாக்கள் செய்யக் கூடியது

இந்த இடத்தில் படித்த தமிழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் குடியிருக்கும் உத்தியோகஸ்தர்கள் தமிழ்ச் சங்க விழாவில் இட்லியைப் பற்றிப் பெருமை பேசுகிறார்கள். அதே இட்லிக்காரரிடம் இன்னும் ஒரு கரண்டி சட்டினிக்காகச் சண்டை போடுகிறார்கள். தாராவி என்றால் மூக்கைப் பொத்திக் கொள்கிறார்கள். இவர்களுடைய பாட்டனும் முதல் ஆறு மாதம் தாராவியில் யாருடைய மேல் அறையிலோ படுத்திருந்தவர்தான் என்பது பலருக்கு மறந்துவிட்டது.

இட்லிக்காரருக்குத் தர்மம் வேண்டாம். தாள் வேண்டும். இன்றைய போராட்டம் முழுவதும் தாளில்தான் நடக்கிறது. 2000-க்கு முந்தைய ஆதாரம், ரேஷன் கார்டு, மின்சார ரசீது, வாக்காளர் பட்டியல் நகல், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு, தெரு வியாபாரிச் சான்றிதழ் இத்தனையும் இருந்தால் அவர் மனிதர், இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பாளர். படிவங்கள் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இரவெல்லாம் அடுப்பின் முன் நின்றவரால் பகலில் ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியாது.

படிவம் நிரப்புவதே பிழைப்பாகக் கொண்ட ஆயிரக்கணக்கான தமிழ்க் குமாஸ்தாக்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், சங்கக் கட்டடத்திலோ கோவில் மண்டபத்திலோ ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும். ஒருவர் மனு எழுதட்டும். ஒருவர் நகல் எடுக்கட்டும். ஒருவர் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களுக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுக்கட்டும். மேடைப் பேச்சை விட, மலர் வெளியீட்டை விட இது பெரிய தமிழ்த் தொண்டு. தமிழருக்கு மட்டும் என்று கதவைச் சாத்தவும் வேண்டாம். அதே சந்தில் உத்தரப் பிரதேசத்துக்காரரும் பிகார்க்காரரும் அதே அவதியில் இருக்கிறார்கள். கதவைச் சாத்திய நியூயார்க் சங்கத்தின் கதை மேலே சொல்லப்பட்டது.

இட்லித் தொழிலாளர்களும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். தனித்தனியாகப் பாத்திரம் தூக்கிய காலம் போகட்டும். ஒன்றுகூடி ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்டால்தான் ஆபீஸ் கதவு திறக்கும். முந்நூறு பேர் ஒன்றாக நின்றபோது நியூயார்க் நகரமே திரும்பிப் பார்த்தது.

நல்ல இட்லி எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இன்றைக்கு விடை இருக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். ஊதல் சத்தம் கேட்கும். இன்னும் பத்து வருடம் கழித்தும் ஜன்னலைத் திறந்தால் அது கேட்க வேண்டுமானால், ஊதுகிறவர் ஊதும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். அதற்கான மனுவை எழுத வேண்டிய நேரம் இதுதான்.